வேலை இல்லாதவர் வேறு, உழைக்க மனமில்லாதவர் வேறு

திருவிவிலியத்தில் எந்த வசனம் மிக அதிகமாகத் தவறான இடத்தில் எடுத்தாளப்படுகிறது என்று எவரேனும் நம்மைக் கேட்டால், தயங்காமல் ஒன்றைச் சுட்டுவோம். தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், உழைக்க மனமில்லாதவனுக்கு உணவில் உரிமையில்லை என்னும் பொருள்படத் திருத்தூதர் பவுல் கூறும் வசனமே அது. ஆண்டுக்கு இருமுறை மட்டும் ஆலய வாசலை மிதிப்பவர்கூட இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். வேலையிழந்து மனைவி மக்களோடு ஊர் திரும்பிய மகன் தலைகுனிந்து உண்டுகொண்டிருக்கும் வேளையில், எதிரே அமர்ந்திருக்கும் பெரியப்பாவோ மாமாவோ, பொதுவாகச் சொல்வதுபோல் இதைச் சொல்லி வைப்பார். யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது தட்டின்முன் அமர்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். சொன்னவர் பவுல் என்பதால் மறுத்துப் பேசவும் வழியில்லை. இறைவார்த்தை கூர்மையான வாள் என்று கற்றிருக்கிறோம். அதைச் சோற்றுத் தட்டின்மேல் வீசவா நமக்குத் தந்தார்கள்?

வசனத்தைச் சற்று நின்று படிப்போம். கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் நிற்கும் வினைச்சொல் ‘தெலோ’ என்பது. விரும்புதல், மனங்கொள்ளுதல் என்பன அதன் பொருள். வேலை கிடைக்காதவனைப் பற்றியோ, வேலையிலிருந்து நீக்கப்பட்டவனைப் பற்றியோ அங்கே பேச்சே இல்லை. ஆண்டவருடைய வருகை வாசலில் நிற்கிறது என்னும் பரபரப்பில் கைத்தொழிலைக் கைவிட்டு, பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்த சிலரையே திருத்தூதர் கண்டிக்கிறார் என்பர் விரிவுரையாளர் பலர். வேலை இருந்தும் செய்ய மறுத்தவர்கள் அவர்கள். தொழிற்சாலை வாயிலில் பூட்டைக் கண்டு திரும்பி வந்தவனுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு?

இன்னொன்றும் உண்டு. தெசலோனிக்கருக்கு முதல் திருமுகம் கொரிந்து நகரிலிருந்து எழுதப்பட்டது என்பது பொதுவாக ஏற்கப்படுவது. இரண்டாம் திருமுகத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், அதுவும் அங்கிருந்தே எழுதப்பட்டது என்பது மரபு. அந்நாள்களில் பவுல் கொரிந்தில் யார் வீட்டில் தங்கியிருந்தார்? திருத்தூதர் பணிகள் நூலின் பதினெட்டாம் அதிகாரம் விடை தருகிறது. அக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் கணவன் மனைவி வீட்டில். யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று பேரரசர் கிளாதியு ஆணையிட்டதால் பிழைப்பையும் வீட்டையும் விட்டுக் கொரிந்துக்கு வந்து சேர்ந்த இணையர் அவர்கள். அதாவது, இடம் பெயர்ந்து வந்து புது ஊரில் வாழ்வைத் திரும்பத் தொடங்கிய ஒரு தம்பதியின் உப்பைத் தின்றுகொண்டிருந்த மனிதர், அத்தகைய தம்பதிகளைக் குத்துவதற்காக ஒரு வசனத்தை எழுதியிருப்பாரா? கூடாரத் தொழில் அவர்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது; வேலை கிடைத்தது; சேர்ந்து செய்தார்கள். கிடைக்காமற்போயிருந்தால் பவுல் அவர்களைப் பட்டினி போடச் சொல்லியிருப்பார் என்று நினைக்க நமக்கு மனம் வரவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1989ஆம் ஆண்டு பழைய வட ஆர்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது திருவண்ணாமலை மாவட்டம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 24 லட்சத்து 65 ஆயிரம் பேர். அவர்களில் ஐவரில் நால்வர் கிராமத்தார். ஏரிப் பாசனத்தையும் கிணற்றையும் மழையையும் நம்பிய நிலம். ஒருபக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. இரண்டுமே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மழை பொய்த்தாலும் படிப்பு முடிந்தாலும் நம் பிள்ளைகள் இந்த இரண்டு திசைகளில் ஒன்றில் பேருந்து ஏறுவது வழக்கமாகிவிட்டது. பெங்களூரில் கட்டட வேலை, திருப்பெரும்புதூரில் தொழிற்சாலை வேலை, சென்னையில் கடை வேலை. அங்கேயே திருமணம், அங்கேயே ஒற்றை அறை வாடகை, அங்கேயே குழந்தை.

போனவர்கள் திரும்பி வருவதற்கான காரணங்கள் அவர்கள் கையில் இல்லை. 2006ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று எனப் போற்றப்பட்டது. 2014 நவம்பர் முதல் நாள் அது நின்றுபோயிற்று. வரி வழக்கு, நிறுவனத்தின் கைமாற்றம் என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. அவற்றில் ஒன்றாவது பட்டறையில் நின்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சோம்பலா? அடுத்த மாதமே அதே வளாகத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனமும் பணியை நிறுத்திற்று. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. மறைமலைநகரில் கடைசிக் கார் உருண்டு வெளிவந்தது 2022 சூலையில். இடையில் 2020 மார்ச்சு 25 முதல் நாடே அடைக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது மூட்டை தூக்கியவர்களும் கடைப்பையன்களும் வடமாவட்டங்களின் ஊர்களுக்குத் திரும்பினார்கள். வந்தவர்கள் நோயைக் கொண்டுவந்ததாக ஊரே விலகி நின்றதை நாம் மறந்திருக்க முடியாது.

அந்த 2020ஆம் ஆண்டில் நாம் கவனித்த ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். கிரிவலமும் அன்று தடை செய்யப்பட்டதால் இந்நகரின் விடுதிக்காரருக்கும் பூக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் வருமானம் இல்லை. வீட்டில் அப்பாவும் சும்மா இருந்தார், மாமாவும் சும்மா இருந்தார், பெங்களூரிலிருந்து வந்த மகனும் சும்மா இருந்தான். அந்நாள்களில் ஒருவரை ஒருவர் எவரும் குத்திப் பேசவில்லை. ரேஷன் அரிசியைப் பகிர்ந்து உண்டார்கள், இரவில் கூடிச் செபமாலை சொன்னார்கள். பவுலின் வசனம் எவர் நினைவுக்கும் வரவில்லை. அப்பாவுக்கும் மாமாவுக்கும் பிழைப்பு திரும்பி, மகனுக்கு மட்டும் திரும்பாதபோதுதான் அவன் குற்றவாளியானான். ஆகவே நம் வீடுகளில் தண்டிக்கப்படுவது வேலையின்மை அன்று, தனித்து வேலையற்றிருப்பது. இதை அறம் என்று அழைக்க நம்மால் இயலாது.

திரும்பி வந்து குடும்பத்தாரோடு ஒண்டியிருக்கும் ஒரு கணவன் மனைவியின் அன்றாட வாழ்வை எண்ணிப் பார்ப்போம். முதல் வாரம் கோழிக் குழம்பு. ‘நம்ம வீடு இருக்கு, என்ன கவலை’ என்ற சொல். இரண்டாம் வாரத்தில் விருந்து முடிகிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நம்மவர் பத்து நாள் வரை நீட்டிக்கும் பெருந்தன்மை உடையவர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தன் அறையை விட்டுக்கொடுத்திருக்கிறான், அல்லது விட்டுக்கொடுக்காததால் கூடத்தில் பாய். கூடத்தில் படுப்பவர்கள் வீட்டிலேயே கடைசியாகப் படுத்து முதலாவதாக எழ வேண்டும். பேசிக்கொள்ள ஓர் இடமில்லை. கோபித்துக்கொள்ளவும் இடமில்லை. கணவனும் மனைவியும் தங்களுக்குள் சொல்ல வேண்டியதைத் துவைக்கும் கல்லருகிலும், குழந்தையைப் பள்ளிக்கு விடப் போகும் தெருவிலும் சொல்லி முடிக்கிறார்கள். கொண்டுவந்த பெட்டிகள் பிரிக்கப்படாமல் பரண்மேல் இருக்கின்றன. பிரித்தால் தங்கிவிட்டார்கள் என்று ஆகும். பிரிக்காவிட்டால் தேவைப்படும் குழந்தைச் சட்டை அடியில் இருக்கும்.

அவள் நான்கரை மணிக்கு எழுகிறாள். கணவன் வீடாயின், நேற்றுவரை மாமியாரும் நாத்தியும் பகிர்ந்து செய்த வேலை இன்று முழுவதும் அவள் கையில். யாரும் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். உண்ணும் சோற்றுக்கு உடம்பால் வாடகை கட்டுகிறாள் என்பதை அவள் அறிவாள், மற்றவரும் அறிவர், பேசுவார் இல்லை. இரண்டாவது முட்டை கேட்காதே என்று குழந்தைக்குக் கண்ணால் சொல்லிப் பழக்கியிருக்கிறாள். கழுத்துச் சங்கிலி அடகில் இருப்பதால் உறவினர் திருமணத்துக்குப் போவதில்லை. மொய் எழுதவும் வழியில்லை. ‘அவளுக்குத் தலைவலி அத்தை’ என்று கணவன் சொல்கிறான். அத்தைக்கும் அது தலைவலி அன்று எனத் தெரியும்.

அவனுடைய நாள் வேறுவிதமாக நீள்கிறது. காலையில் வீட்டில் இருப்பதே குற்றம் என்பதால் சவரம் செய்துகொண்டு, சட்டையை மடிப்புக் கலையாமல் அணிந்து வெளியே போகிறான். நூலகத்தில் நாளிதழ். தேநீர்க் கடையில் பழைய நண்பர், அவரிடம் கடனாக ஒரு தேநீர். கைப்பேசிக்குப் பணம் போடத் தம்பியிடம் கேட்க வேண்டும். போடாவிட்டால் வேலைக்கு அழைப்பவர் அழைத்தாலும் கிடைக்காது. பிற்பகலில் கிரிவலப் பாதையில் நடக்கிறான். வேண்டுதலுக்காக அன்று. பதினான்கு கிலோமீட்டரை முடிக்க மூன்று நான்கு மணி நேரமாகும். இவ்வூரில் ஒரு மனிதன் அத்தனை நேரம் நடந்துகொண்டேயிருந்தாலும் ‘ஏன் நடக்கிறாய்’ என்று எவரும் கேட்கமாட்டார்கள். வீடு திரும்பினால் வாசலிலேயே மாமனாரின் குரல்: ‘இன்னா மாப்ள, எதுனா ஆச்சா?’ அன்போடுதான் கேட்கிறார். நாள்தோறும் கேட்கிறார்.

மனைவி வீட்டில் தங்க நேர்ந்தவனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சிறைக்கு ‘மாமியார் வீடு’ என்று பெயரிட்ட சமுதாயம் நம்முடையது. ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்னும் சொல்லில் நாம் ஏற்றி வைத்திருக்கும் இழிவு கொஞ்சநஞ்சமன்று. ஆனால் திருவிவிலியத்தைத் திறந்தால் காண்பதென்ன? மோசே மிதியான் நாட்டில் மாமனார் இத்திரோவின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எரியும் முட்புதரைக் கண்டார். யாக்கோபு லாபானின் வீட்டில் இரண்டு மனைவியருக்காகப் பதினான்கு ஆண்டும் மந்தைக்காக ஆறு ஆண்டும் ஆக இருபது ஆண்டுகள் கழித்தார். இசுரயேலின் பன்னிரு குலங்களில் பதினொன்றின் தந்தையர் பிறந்தது அந்த மாமனார் வீட்டில்தான். வீட்டோடு மாப்பிள்ளைகளை நீக்கிவிட்டு மீட்பின் வரலாற்றை எழுத முற்படுபவர், தொடக்க நூலிலேயே பாதியை வெட்ட வேண்டியிருக்கும்.

லாபானை நாம் வஞ்சகன் என்றே கற்றிருக்கிறோம். யாக்கோபின் கூலியைப் பத்து முறை மாற்றியவன் அவன். ஆயினும் ஒரு நேர்மையை அவனிடமும் காண்கிறோம். மருமகன் வந்து ஒரு மாதம் ஆனதும், உறவினன் என்பதற்காக நீ எனக்குக் கூலியின்றி உழைக்க வேண்டுமா, உனக்கு என்ன வேண்டும் சொல் என்று வெளிப்படையாகக் கேட்டான். ஒரே மாதத்தில் கேட்டான்! நம் வீடுகளில் ஓராண்டு சென்றாலும் இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. எத்தனை நாள் தங்குவார்கள், மளிகைக்கு யார் கொடுப்பது, எரிவாயு உருளைக்கு யார் கொடுப்பது, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அறையின் கதவு யாருக்கு? இவற்றைப் பேசுவது அன்புக்குக் குறைவு என்று நினைக்கிறோம். பேசாததெல்லாம் பிறகு பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைக்கும் ஓசையாக வெளிப்படுகிறது.

தோபித்து நூலை நம்மவர் போதுமான அளவு படிப்பதில்லை என்பது நமது நெடுநாளைய குறை. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் நமக்கென்று வாய்த்திருக்கும் செல்வம் அது. வேலையிழந்த குடும்பத்தின் கதையை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லவில்லை. தோபித்து அறச்செயல்களில் சிறந்தவர். கண் பார்வை போயிற்று, பிழைப்பும் போயிற்று. உறவினர் அகிக்கார் அவரை இரண்டு ஆண்டுகள் தாங்கினார். மனைவி அன்னா நெசவு வேலைக்குப் போனார். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் கொடுத்தனுப்பினார்கள். வீட்டில் ஆட்டின் குரல் கேட்டதும் தோபித்து, இது திருடியதாக இருக்கக் கூடாது, திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார். அன்பளிப்பு என்று சொல்லியும் நம்பவில்லை. அன்னா கொதித்தெழுந்து, உம்முடைய தருமமும் நேர்மையும் இப்போது எங்கே போயின என்று கேட்டுவிடுகிறார். தோபித்து அழுது, சாவை வேண்டி மன்றாடுகிறார்.

ஓர் ஆட்டுக்குட்டிக்காகவா சாவு? இல்லை. மனைவியின் கூலியில் உண்ணும் ஆணின் மனத்தில் வளரும் ஐயமும், தன் கூலியை நம்பாத கணவனைக் கண்ட பெண்ணின் சினமும் அந்த ஆட்டின் குரலில் வெடித்தன. நம் மாவட்டத்தில் செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்குப் பெண்களே பெருமளவில் வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுக்கான பேருந்துகள் விடியுமுன் கிராமங்களுக்கு வந்துவிடுகின்றன. மனைவி பேருந்து ஏற, கணவன் குழந்தையோடு வாசலில் நிற்கும் வீடுகள் அங்கே உண்டு. ‘ஏன் இன்று அரைமணி தாமதம்’ என்று அவன் கேட்பதும், ‘நீ போய்ப் பார்’ என்று அவள் சொல்வதும் தோபித்தின் வீட்டில் நடந்ததே. இறைவாக்கு இதை மறைக்கவில்லை. புனிதரின் வீட்டுச் சண்டையையும் எழுதி வைத்திருக்கிறது. அகிக்கார் தாங்கியதைப் பற்றி நூல் சொல்லும் செய்தி ஒரே வரிதான். இரண்டு ஆண்டு தாங்கியவர் என்பதோடு சரி. தாங்கிய காலத்தில் அவர் வசனம் ஏதும் சொன்னதாகக் குறிப்பில்லை.

செபத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லங்களில் மாலைச் செபம் குறைந்துவரும் காலத்தில் அதைக் குறைகூறுவதா என்று சிலர் வருந்தக்கூடும். ஆயினும் செபமாலை முடிந்து தன் மன்றாட்டைச் சொல்லும் வேளையில், ‘ஆண்டவரே, இந்த வீட்டில் பொறுப்பில்லாமல் இருப்பவர்களுக்கு நல்ல புத்தியைக் கொடும்’ என்று குரலை உயர்த்தி மன்றாடும் பெரியவர்களை நாம் அறிவோம். முகவரி ஆண்டவருக்கு; கடிதம் மருமகனுக்கு. அண்டை வீட்டாருக்கும் கேட்கும்படி இறைவனிடம் பேசுவது, தெருமுனையில் நின்று செபித்தவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நினைவூட்டுகிறது. வேலை கிடைக்க வேண்டும் என்று மன்றாடுங்கள், தினமும் மன்றாடுங்கள். ஆனால் எவனுக்காக மன்றாடுகிறீர்களோ அவன் ‘ஆமென்’ சொல்லத் தயங்காதபடி மன்றாடுங்கள்.

இந்த நகரத்தின் இன்னொரு முகத்தையும் நம் மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கிரிவலப் பாதையில் காவி உடுத்து அமர்ந்திருப்போருக்கு நாள்தோறும் பல இடங்களில் அன்னம் வழங்கப்படுகிறது. இட்டவர் எவரும், ‘நீ என்ன வேலை பார்க்கிறாய்’ என்று கேட்டுவிட்டு இடுவதில்லை. அவர்களுள் உண்மைத் துறவியும் இருப்பார், ஊரில் கடன்பட்டு வந்தவரும் இருப்பார்; அன்னமிடுபவர் அதை ஆராய்வதில்லை. பிற சமயத்தார் முகமறியா மனிதருக்குக் கேள்வியின்றி இடும் சோற்றை, ஒப்புரவின் விருந்தை வாரந்தோறும் கொண்டாடும் நாம் பெற்ற பிள்ளைக்குக் கேள்வியோடு இடுகிறோமே என்னும் வெட்கம் நமக்கு வர வேண்டாமா?

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்து உரிமையாளர் மாலை ஐந்து மணிக்குச் சந்தை வெளிக்குப் போகிறார். அங்கே நிற்பவர்களிடம், ஏன் நாள் முழுவதும் வேலை செய்யாமல் நிற்கிறீர்கள் என்று அவரும் கேட்கத்தான் செய்கிறார். தங்களை ஒருவரும் கூலிக்கு எடுக்கவில்லை என்று விடை வருகிறது. அந்த விடையை அவர் நம்பினார். மறுகேள்வி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. தோட்டத்துக்கு அனுப்பினார், முழு தெனாரியம் கொடுத்தார். ‘மேலாளரிடம் நீ வாய் கொடுத்திருப்பாய்’, ‘இன்னும் கொஞ்சம் அலைந்திருக்கலாம்’ என்றெல்லாம் நாம் கேட்பவற்றை அவர் கேட்கவில்லை. திருத்தந்தை பிரான்சிசு 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில், வேலையின்மையால் குடும்பங்கள் படும் துன்பத்தைச் சொல்லுமிடத்தில் இதே உவமையை நினைவுகூர்ந்தார். அதற்கும் முன்னே, 1981இல் புனித இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றிய தம் சுற்றுமடலில், வேலையின்மை ஒரு தீமை என்றும், வேலை இழந்தவரும் அவர் குடும்பத்தாரும் உயிர் வாழத் தக்க உதவி அளிப்பது சமூகத்தின் கடமை என்றும் எழுதினார். அது இரக்கத்தால் வரும் கடமை என்று அவர் எழுதவில்லை. உலகின் பொருள்கள் எல்லாருக்கும் உரியவை என்னும் அடிப்படையிலிருந்தும், வாழும் உரிமையிலிருந்தும் அதை வருவித்தார்.

அந்தக் கடமையை நம் நாடு எப்படி நிறைவேற்றுகிறது? தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தில் காப்பீடு பெற்றோருக்காக 2018 சூலையில் தொடங்கப்பட்ட அடல் திட்டம், வேலையிழந்தவருக்குச் சராசரி ஊதியத்தில் கால்பங்கு என்றது. 2020இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. எத்தனை நாளுக்கு? வாழ்நாளில் ஒரே முறை, 90 நாளுக்கு. காப்பீடே இல்லாத கட்டடத் தொழிலாளிக்கும் கடைப்பையனுக்கும் அதுவும் இல்லை. தமிழக அரசின் வேலையற்றோர் உதவித்தொகை, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தவருக்கு மூன்றாண்டு வழங்குவதாக அமைந்தது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்னும் அளவில். குழந்தையின் பாலுக்கு அது போதுமா என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மீதிச் சுமை எங்கே போகிறது? அப்பாவின் ஓய்வூதியத்தின் மேலும், அம்மாவின் அடுப்பின் மேலும். நம் நாட்டில் வேலையின்மைக்கான காப்பீடு என்பது பெற்றோர் வீடுதான். ஆலை முதலாளி கணக்கை முடித்துக்கொள்கிறார், அரசு கையை விரிக்கிறது, நகரம் முன்பணத்தில் வாடகை பாக்கியைக் கழித்துக்கொண்டு கதவைச் சாத்துகிறது. மூவரும் சேர்ந்து தள்ளிவிட்ட சுமை திருவண்ணாமலையில் ஒரு மூன்றறை வீட்டில் வந்து விழுகிறது. அந்த வீட்டார் சினங்கொள்வதில் நியாயம் உண்டு. அந்தச் சினம், சுமையைத் தள்ளியவர்களை விட்டுவிட்டு, சுமையோடு சேர்ந்து வந்து விழுந்த மகன்மேல் பாய்வதுதான் நமக்குப் பொறுக்கவில்லை.

பெரியவர்கள் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை என்று நாம் வாதிட வரவில்லை. மணமாகாத மகள் வீட்டில் இருப்பாள். அவளுக்கென்று சேர்த்த பணம் அண்ணன் குடும்பத்தின் வயிற்றுக்குப் போவதைப் பார்க்கும் தாயின் நெஞ்சு கல்லன்று. எட்டு மாதம் சென்றும் படுக்கையை விட்டு எழாத, வந்த வேலையையெல்லாம் ‘இது என் தகுதிக்கு ஆகாது’ என்று தள்ளுகிற ஆண்களும் இல்லாமல் இல்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துக் குடித்தவனுக்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். பவுலின் வசனம் அவனுக்கு உரியது, தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் எட்டாம் மாதத்தில் படுத்தவன் முதல் மாதத்தில் எங்கே இருந்தான் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அலைந்துகொண்டிருந்தான். ‘எதுனா ஆச்சா’ என்னும் கேள்விக்கு இருநூறு முறை ‘இல்லை’ சொன்ன பிறகு ஒரு மனிதன் எழுந்திருக்க மறுப்பதைச் சோம்பல் என்று பெயரிட்டு முடித்துவிட முடியுமா? பாதிச் சோம்பலை வேலையின்மை உண்டாக்குகிறது. மறுபாதியை நாம் ஊட்டி வளர்க்கிறோம்.

கடைசியாகப் பங்கின் நடைமுறையைப் பற்றி. மறையுரை மேடையில் குடும்ப ஆண்டு, தொழிலாளர் புனித யோசேப்பு என்று பேசிவிட்டு, திரும்பி வந்த குடும்பத்திடம் பழைய பங்கிலிருந்து கடிதம் கொண்டுவா, அதன்பின் பெயர் எழுதுவோம் என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பெங்களூரில் அவன் வாடகைக்கு இருந்த தெரு எந்தப் பங்கைச் சேர்ந்தது என்பதே அவனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் கட்டடத்தில் கலவை சுமந்தவன் அவன். பெயர் ஏறாதவரை அன்பியக் கூட்டத்துக்கும் அழைப்பில்லை. அன்பியம் என்று பெயர் வைத்ததே இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போகத்தானே? அன்பியத்தில் இருபது குடும்பம் இருந்தால், அதில் ஒரு மேஸ்திரியோ, ஒரு கடை முதலாளியோ, ஒரு பள்ளி எழுத்தரோ, பட்டறைக்காரரோ இருப்பார். வேலை என்பது பெரும்பாலும் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் ஒரு சொல்லால் கிடைப்பது. ‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்’ என்னும் அந்தச் சொல்லைச் சொல்ல ஆளில்லாதவன்தான் சந்தை வெளியில் ஐந்து மணிவரை நிற்கிறான்.

திருவிழா வரியும் அப்படியே. கூட்டுக் குடும்பத்தில் மணமானவர் இருவர் இருந்தால் இரண்டு தலைக்கட்டு என்று எழுதும் பங்குகள் உண்டு. வேலையின்றி வந்து தங்கியிருப்பவனைத் தனித் தலைக்கட்டாக எழுதி, கொடுக்க முடியாதபோது பாக்கிப் பட்டியலில் சேர்த்து, திருப்பலி முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாக வாசிக்கும் கொடுமை எங்கும் நடக்கக் கூடாது. வரி இல்லை என்று எழுதி அதையும் வாசித்துவிடாதீர்கள். அது இன்னொரு விதமான கொடுமை. அந்தக் குடும்பத்தின் பெயருக்கு நேராகத் தொகை எழுதும் இடத்தில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். பேரவைக் கூட்டத்தில் எவரேனும் கணக்குக் கேட்டால், பங்குத்தந்தையைக் கேளுங்கள் என்று சொல்லிவிடலாம். அசன நாளில் அவர்கள் முதல் பந்தியிலேயே உட்காரட்டும்.